இன்னும் கொஞ்சம் கூட்டினால் என்ன?

தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் என்றாவது ஒருநாள் கேட்டே தீருகிற கேள்வி இது. காலையில் எழும்பும்போதே உடம்பு பாரமாக இருக்கிறது. தலைமயிர் கொட்டுகிறது. சோற்றைக் குறைத்தும் எடை இறங்கவில்லை. மார்கழிக் குளிர் வீட்டில் மற்ற எல்லோரையும்விடத் தனக்கு மட்டும் கூடுதலாக உறைக்கிறது. இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டொக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். சரியாக இருந்தால் இந்தக் களைப்பு எங்கிருந்து வருகிறது? ஐம்பதை எழுபத்தைந்தாக்கினால், எழுபத்தைந்தை நூறாக்கினால் என்ன கெட்டுவிடும்? பெட்டியில் அச்சிட்டிருப்பது மைக்கிரோகிராம்தானே, ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வருகிற துகள்தானே என்று தோன்றுவது இயல்பு. அக்காவுக்கு 125 கொடுத்திருக்கிறார்கள், எனக்கு ஏன் 50 என்று ஒப்பிடுவதும் இயல்பு. இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. அதற்கு நேரான பதில் ஒன்று இருக்கிறது. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குளிசையின் அளவைக் களைப்பைப் பார்த்து நகர்த்தக் கூடாது. அளந்து, உடம்புக்கு நேரம் கொடுத்து, மறுபடி அளந்துதான் நகர்த்த வேண்டும். களைப்பு பொய் என்பதால் இதைச் சொல்லவில்லை. அந்தக் களைப்புக்குக் காரணம் தைரொயிட்தானா என்பதைக் களைப்பே நமக்குச் சொல்லாது என்பதால் சொல்கிறேன். நான் வைத்தியர் இல்லை. உங்கள் அளவை மாற்றுவது உங்கள் வைத்தியரோடு சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் அந்தப் பேச்சில் நாம் தலையாட்டிவிட்டு வருகிறவர்களாக இருக்க வேண்டியதில்லை.

சுவிஸில் இருந்துகொண்டு இதை எழுத ஒரு காரணம் உண்டு. தைரொயிட் என்ற சுரப்பி எதற்காக இருக்கிறது என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் பேர்ண் நகரம் முக்கியமானது. அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் இந்த நாட்டு ஏழை விவசாயிகளின் பிள்ளைகள். அல்ப்ஸ் மலைப் பகுதியின் மண்ணில் அயடின் மிகக் குறைவு. பனியாறுகளும் மழையும் காலங்காலமாக அதைக் கழுவிக்கொண்டு போய்விட்டன. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கழுத்தில் கழலை தொங்காத கிராமம் இங்கே அரிது. 1872இல் பேர்ணின் இன்செல் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைத் தலைவராகப் பொறுப்பேற்ற தியோடோர் கோஹர் அந்தக் கழலைகளை வெட்டி அகற்றுவதில் உலகத்திலேயே தேர்ந்தவரானார். 1874 ஜனவரியில் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவர் சுரப்பி முழுவதையும் அகற்றினார். சிகிச்சை வெற்றி என்றே எல்லோரும் நினைத்தார்கள். பிறகு அந்தப் பிள்ளையின் போக்கும் புத்தியும் மாறிவிட்டன என்று ஊர் வைத்தியரான ஃபெட்சரின் கவனித்துச் சொன்னார். 1882இல் ஜெனீவாவின் ழாக்-லூயி ரெவர்டான், தன்னிடம் சுரப்பியை முழுதாக இழந்த சிலருக்கும் இப்படியே ஆகியிருப்பதாகக் கோஹரிடம் தெரிவித்தார். கோஹர் தன் பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தார். முழுச் சுரப்பியையும் அகற்றியவர்களில் 18 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. அவர்களில் 16 பேருக்கு முகம் வீங்கி, பேச்சு மந்தமாகி, கைகால் குளிர்ந்து, நினைவு மங்கியிருந்தது. அந்தச் சிறுமியைவிட இளைய தங்கை உயரத்தில் அவளைக் கடந்து வளர்ந்துவிட்டிருந்தாள். இருவரும் அருகருகே நிற்கும் படத்தைக் கோஹர் தன் கட்டுரையிலேயே வெளியிட்டார். 1883 ஏப்ரலில் பெர்லினில் கூடிய அறுவைச் சிகிச்சை மாநாட்டில் எழுந்து, முழுச் சுரப்பியையும் இனி அகற்றக் கூடாது என்று அறிவித்தார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தன் கையால் நேர்ந்ததை மறைக்காமல் எண்களோடு சபையில் வைத்த அந்த நேர்மை பெரிது. இன்னொரு விவரம் அதைவிட அதிகம் கவனிக்கத்தக்கது. அந்தப் 18 பேரில் தப்பிய இருவர் யார்? கழுத்தில் சுரப்பித் திசு கொஞ்சம் எஞ்சியிருந்து மறுபடி வளர்ந்தவர்கள். அந்தக் கொஞ்சமே அவர்களைக் காப்பாற்றியது. நலமாக இருக்கிற ஒருவரின் தைரொயிட் ஒரு நாளில் சுரக்கிற தைரொக்சின் ஏறத்தாழ 80 முதல் 100 மைக்கிரோகிராம். எழுபது வருட ஆயுளுக்கும் கூட்டிப் பார்த்தால் இரண்டரைக் கிராம் வரும். ஒரு மனிதரின் அறிவு, உயரம், உடற்சூடு, இதயத் துடிப்பு எல்லாவற்றையும் இவ்வளவு சிறிய பொருள் தாங்கி நிற்கும்போது, ஒரு குளிசைக்கும் அடுத்த குளிசைக்கும் இடையிலுள்ள 25 மைக்கிரோகிராம் அற்பம் ஆகாது. அது ஒரு நாளின் முழுச் சுரப்பில் கால் பங்கு.

குறைந்தால் என்ன நடக்கும் என்பதைப் பேர்ண் கற்பித்தது என்றால், கூடினால் என்ன நடக்கும் என்பதை அதற்கு முன்பே ஜெனீவா கற்பித்திருந்தது. 1811இல் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயடின் கண்டுபிடிக்கப்பட்டது. 1820இல் ஜெனீவா வைத்தியர் ழான்-பிரான்சுவா குவாந்தே அதைக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். சில வாரங்களிலேயே கழலைகள் சுருங்கின. செய்தி பரவியது, மக்கள் தேடித் தேடி வாங்கிக் குடித்தார்கள். பிறகு சிலருக்கு நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, உடம்பு வற்றியது. எதிர்ப்புக் கிளம்பி அயடின் மருத்துவம் பெயர் கெட்டது. அவர் கொடுத்த அளவு இன்று நமக்குத் தேவையென்று தெரிந்திருக்கிற அளவைப் போலப் பல நூறு மடங்கு. மருந்து சரியானது, அளவுதான் தவறு. அந்தத் தவறால் சரியான மருந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஒதுங்கிக் கிடந்தது. இடையில் அயடின் போதாமல் எத்தனை பிள்ளைகள் பேச்சும் கேள்வியும் இல்லாமல் பிறந்து வளர்ந்தார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

அந்தக் கட்டை அவிழ்த்தவர்கள் பெரிய பேராசிரியர்கள் இல்லை, கிராமத்து வைத்தியர்கள். சூரிச்சுக்கு அருகே அட்லிஸ்வீலில் இருந்த ஹைன்ரிக் ஹுன்ஸிகர், கழலை என்பது அயடின் போதாத உணவுக்கு உடம்பு தன்னைப் பழக்கிக்கொள்வதன் விளைவு என்றும், மிகமிகச் சிறிய அளவு போதும் என்றும் 1915இல் எழுதினார். 1918இல் வலே மாநிலத்து வைத்தியர் ஒட்டோ பாயார்ட் உப்போடு அயடினை மண்வெட்டியால் கலந்து, கோவேறு கழுதையில் ஏற்றி, கிரெக்கன் என்ற மலைக்கிராமத்துக்குக் கொண்டுபோனார். சில குடும்பங்களுக்குச் சிறிய, வெவ்வேறு அளவுகளில் கொடுத்து, கழுத்துகளை அளந்து, மாதக்கணக்கில் காத்திருந்து, மறுபடி அளந்தார். கழலைகள் சுருங்கின, யாருக்கும் படபடப்பு வரவில்லை. 1922 தொடக்கத்தில் அப்பன்செல் அவுசர்ரோடன் மாநிலத்தில் ஹெரிசாவ் மருத்துவமனை வைத்தியர் ஹான்ஸ் எக்கன்பெர்கரின் முயற்சியால் அயடின் உப்பு விற்பனைக்கு வந்தது. அதே வருடம் நாட்டின் கழலை ஆணைக்குழுவும் அதைப் பரிந்துரைத்தது. குவாந்தேயின் கதையை மறக்காதவர்கள் எதிர்த்தார்கள். ஆராவ் நகரத்து அறுவைச் சிகிச்சை வைத்தியர் ஒய்கன் பீர்ஹர் அவர்களில் உரத்த குரல். நம் ஆட்கள் பலர் இன்று வாழ்கிற ஆர்காவ் மாநிலம் 1950கள் வரை அந்த உப்பை ஏற்கவில்லை. அந்த அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. கூடின அயடினால் கெட்டவர்களைக் கண்டவர்களின் அச்சம் அது. அதற்கு ஆணைக்குழு கொடுத்த பதில்தான் எனக்குப் பிடித்தது. முதலில் ஒரு கிலோ உப்புக்கு 3.75 மில்லிகிராம் மட்டும். 1962இல் 7.5. 1980இல் 15. 1998இல் 20. 2014இல் 25. ஒவ்வொரு படிக்கும் இடையில் பிள்ளைகளின் கழுத்தையும் சிறுநீரையும் அளந்து பார்த்தார்கள். ஒரு நாடு தன் மொத்த மக்களுக்கும் சரியான அளவைக் கண்டுபிடிக்கத் தொண்ணூறு வருடம் எடுத்துக்கொண்டிருக்கிறது. குளிசையின் அளவை மாற்றும்போது நம்மிடம் கேட்பது ஆறு வாரம்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இன்று சுவிஸில் ஒருவருக்குத் தைரொயிட் குறைகிறது என்றால் பெரும்பாலும் காரணம் அயடின் பற்றாக்குறை இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்குகிற ஹஷிமோட்டோ நோய்தான் முதன்மைக் காரணம். அங்கே அயடினைக் கூட்டுவதால் நன்மை இல்லை. கடற்பாசி மாத்திரைகளை இணையத்தில் வாங்கி விழுங்கினால் நிலைமை மோசமாகவும் கூடும். வேண்டியது சுரப்பு நீர்தான், அதாவது லெவோதைரொக்சின்.

சுரப்பு நீரைக் கொடுத்துப் பார்த்த முதல் வைத்தியர்களில் ஒருவர் இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்த ஜோர்ஜ் மறே. 1891இல் ஆட்டின் தைரொயிட்டைப் பிழிந்தெடுத்த சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் தேறி மேலும் 28 வருடம் வாழ்ந்து, 74 வயதில் 1919இல் காலமானார். அந்த 28 வருடத்துக்கும் 870க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி தேவைப்பட்டது என்று மறே கணக்கெழுதி வைத்திருக்கிறார். ஆனால் ஆட்டுக்கு ஆடு சுரப்பியின் வீரியம் மாறும். ஆகவே அந்தக் காலத்து வைத்தியருக்கு வழிகாட்டி நோயாளியின் முகமும் நாடியும் மட்டும்தான். 1914இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைரொக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1927இல் பிரித்தானியாவின் சார்ல்ஸ் ஹாரிங்டனும் ஜோர்ஜ் பார்ஜரும் அதை ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். மருந்து இப்போது துல்லியமாயிற்று. அளக்கும் கோல் மட்டும் இன்னும் வரவில்லை. களைப்புப் போகும்வரை கூட்டு, படபடப்பு வந்தால் குறை என்பதுதான் முறை. அப்படிக் கொடுத்தபோது நாளுக்கு 200, 300 மைக்கிரோகிராம் என்பது வழக்கமான அளவாக இருந்தது. மூளையடிச் சுரப்பி அனுப்புகிற டி.எஸ்.எச். என்ற கட்டளைச் சுரப்பை இரத்தத்தில் அளக்கும் முறை 1960களிலும் 70களிலும் பரவிய பிறகுதான், அந்த நோயாளிகளில் பெரும்பங்கினர் தேவைக்கு மேல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அளவுகள் ஏறத்தாழ பாதியாக இறங்கின. களைப்பை மட்டும் வைத்து அளவு சொன்னால் என்ன ஆகும் என்று கேட்பவருக்கு, அந்தச் சோதனை ஒரு தலைமுறை முழுவதும் ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டது என்று பதில் சொல்லலாம்.

டி.எஸ்.எச். ஏன் இவ்வளவு நல்ல கோல்? இரத்தத்தில் தைரொக்சின் சிறிது குறைந்தாலே மூளையடிச் சுரப்பி பெருங்குரலில் கத்தத் தொடங்கும். தைரொக்சின் இரண்டு மடங்கு மாறினால் டி.எஸ்.எச். எதிர்த் திசையில் நூறு மடங்கு வரை மாறும். ஆகவே குளிசையின் சிறிய பிசகையும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் உடனே காட்டாது. தைரொக்சின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் எடுக்கும். அளவை மாற்றினால் இரத்தத்தில் புதிய நிலை படிவதற்கு ஐந்தாறு வாரம் வேண்டும். பழைய கட்டடத்தில் குளிக்கும்போது சுடுதண்ணீர்க் குழாயைத் திருப்பியதும் சூடு வராது. பொறுமையிழந்து இன்னும் திருப்புவோம். பிறகு கொதிநீர் கொட்டும். இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று தானாகவே குளிசையைக் கூட்டுகிறவருக்கு நடப்பது இதுதான். இரண்டாவது மாற்றத்தின் பலனும் முதல் மாற்றத்தின் பலனும் ஒன்றாகச் சேர்ந்து வந்து நிற்கும். எது எதனால் என்று வைத்தியருக்கும் தெரியாது. அளவை மாற்றி ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே பரிசோதிக்கச் சொல்வதன் காரணம் இது. அக்காவின் 125க்கும் இங்கேயே பதில் இருக்கிறது. சுரப்பி முற்றாகச் செயலிழந்தவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்கிரோகிராம் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடைக்கு நூறுக்குக் கிட்ட வரும். சுரப்பி பாதி வேலை செய்கிறவருக்கு அதில் ஒரு பங்கு போதும். வயதானவருக்கும் இதய நோய் உள்ளவருக்கும் 25 போன்ற சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். அக்காவின் எடை, வயது, சுரப்பியின் மிச்சம் எதுவும் உங்களுடையதாக இருக்காது.

அளவைக் கூட்டச் சொல்வதற்கு முன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வேறொரு கேள்வி உண்டு. பெட்டியில் எழுதியிருக்கிற 75 உண்மையிலேயே உடம்புக்குள் போகிறதா? வெறும் வயிற்றில் எடுத்தாலும் குளிசையின் 60 முதல் 80 வீதம்தான் குடலில் உறிஞ்சப்படும். கோப்பியோடு சேர்த்து விழுங்கினால் அது இன்னும் குறையும். இத்தாலியில் எஸ்பிரஸோவை வைத்து 2008இல் வெளிவந்த ஆய்வு இதைக் காட்டியது. இரும்புச் சத்துக் குளிசை, கல்சியம் குளிசை இரண்டும் தைரொக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இடையில் நாலு மணித்தியாலம் வேண்டும். சோயாவும் குறுக்கே நிற்கும். வயிற்றெரிச்சலுக்கு நெடுநாள் எடுக்கிற அமிலத் தடுப்புக் குளிசையும் அப்படித்தான். நம் வீடுகளில் காலை வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் பால் தேத்தண்ணியோடு தைரொயிட் குளிசையும் இரும்புக் குளிசையும் ஒரே மிடறில் இறங்குவது சாதாரணம். அப்படிச் செய்பவருக்கு டி.எஸ்.எச். ஏறும், வைத்தியர் அளவைக் கூட்டுவார், பிறகு ஒரு விடுமுறையில் நிதானமாக வெறும் வயிற்றில் எடுத்தால் அதே அளவு கூடிப்போய்ப் படபடக்கும். தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு என்பது விதி. அதிகாலை நாலு மணிக்கு வேலைக்குப் போகிறவருக்கு அது முடியாது என்றால், சாப்பிட்டு இரண்டு மூன்று மணி கழித்துப் படுக்கப்போகும்போது எடுக்கலாமா என்று வைத்தியரைக் கேட்கலாம். 2010இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் இரவில் எடுத்தவர்களுக்கு டி.எஸ்.எச். இன்னும் நன்றாகவே கட்டுப்பட்டது. காலையோ இரவோ, தினமும் ஒரே விதமாக எடுப்பதுதான் முக்கியம். பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும் நாளில் இரத்தம் எடுத்த பிறகு குளிசையைப் போடுவதும், தலைமயிருக்காக பயோட்டின் எடுப்பவர்கள் அதைச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டு வைத்தியருக்குச் சொல்வதும் முடிவைக் குழப்பாமல் காக்கும்.

குளிசையின் நிறுவனத்தை மாற்றுவதும் இதில் சேரும். கொழும்புக்கோ சென்னைக்கோ போய்வருகிறவர்களிடம் சொல்லி மலிவாக மருந்து எடுப்பிப்பது நமக்குள் வழக்கம். சுவிஸ் காப்புறுதியில் வருடத்துக்கு 300 முதல் 2500 பிராங்க் வரை முதலில் நம் சட்டைப்பையிலிருந்தே போக வேண்டியிருக்கும்போது அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இது சிறு வித்தியாசமும் உறைக்கிற மருந்து. 2017 மார்ச்சில் அண்டை நாடான பிரான்சில் மெர்க் நிறுவனம் தன் லெவோதைரொக்ஸ் குளிசையில் லக்டோஸை எடுத்துவிட்டு மனிடோலையும் சிட்ரிக் அமிலத்தையும் சேர்த்தது. மருந்து அதே மருந்து, அளவும் அதே அளவு. ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் எடுத்துக்கொண்டிருந்த குளிசை; முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பக்கவிளைவு என்று முறையிட்டார்கள். பழையதும் புதியதும் சமம் என்று காட்டிய ஆய்வு 204 பேரின் சராசரியைப் பார்த்திருந்தது. அதே தரவுகளை 2019இல் மறுபடி ஆராய்ந்த துலூஸ் ஆய்வாளர்கள், ஒவ்வொருவராகப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டும் சமமாக இருக்கவில்லை என்று எழுதினார்கள். முறையிட்டவர்கள் எல்லோருக்கும் காரணம் அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை; பயமும் செய்தியும் சேர்ந்து எதையும் பெரிதாக்கும். ஆனால் குளிசை மாறினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் இரத்தத்தை அளக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தேவையில்லை. மாற்றியதை வைத்தியரிடம் மறைக்கவும் வேண்டாம்.

இனி, என் வாதத்துக்கு எதிராக எழக்கூடிய வலுவான மறுப்பைப் பார்க்கிறேன். ஆய்வகம் சொல்கிற இயல்பு எல்லை எல்லோருக்கும் பொதுவானது. என் உடம்பின் இயல்பு அதில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. டென்மார்க்கில் நலமான 16 ஆண்களை ஒரு வருடம் மாதாமாதம் அளந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஒவ்வொருவரும் தமக்கே உரிய ஒரு குறுகிய வட்டத்துக்குள் நிற்பதையும், அந்த வட்டம் பொது எல்லையில் பாதி அகலம்தான் என்பதையும் காட்டியது. டி.எஸ்.எச். 1இல் வாழ்ந்து பழகியவருக்கு 4 என்பது ஆய்வகத் தாளில் இயல்பாக இருந்தாலும் அவருடைய இயல்பு அதுவாக இருக்காது. ஆகவே நோய் வருவதற்கு முந்திய பழைய பரிசோதனைத் தாள் இருந்தால் அதைத் தேடி எடுத்து வைத்தியரிடம் கொடுங்கள், அது பொன்.

ஆனால் அந்த மறுப்பிலிருந்து, டி.எஸ்.எச்.ஐ எல்லைக்குள்ளேயே கீழே தள்ளிவிட்டால் களைப்புப் போய்விடும் என்ற முடிவுக்குத் தாவ முடியுமா? அமெரிக்காவில் மேரி சாமுவெல்ஸ் குழுவினர் அதையே சோதித்துப் பார்த்தார்கள். லெவோதைரொக்சின் எடுத்துவந்த 138 பேரை மூன்று பிரிவாக்கி, யாருக்கு என்ன அளவு என்று சொல்லாமல், டி.எஸ்.எச். எல்லைக்குள் கீழே, எல்லைக்குள் மேலே, எல்லைக்குச் சற்று வெளியே மேற்புறம் என நிற்கும்படி ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். 2018இல் வந்த முடிவு: மனநிலையிலும் நினைவாற்றலிலும் வாழ்க்கைத் தரத்திலும் பிரிவுகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. எது தமக்குக் கொடுத்த கூடின அளவு என்று அவர்களால் சரியாகச் சொல்லவும் முடியவில்லை. ஆனாலும் கூடின அளவு என்று தாங்கள் நம்பியதையே விரும்பினார்கள். அவர்களை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. நோயில் கிடக்கிற எவருக்கும், ஏதோ செய்யப்படுகிறது என்ற நம்பிக்கையே ஒரு தெம்பு. ஆனால் அந்தத் தெம்புக்காகக் கூட்டிய மருந்துக்கு இதயமும் எலும்பும் கணக்குக் கேட்கும். அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஊரில் 60 வயதைக் கடந்தவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், டி.எஸ்.எச். மிகத் தாழ்ந்திருந்தவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் நோய் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக வந்தது. அது மூளைக்கு இரத்தக் கட்டி அனுப்பிப் பக்கவாதத்தைக் கொண்டுவரக்கூடிய நோய். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயவும் செய்யும். இவை இரண்டும் சத்தமில்லாமல் நடப்பவை. கூடின அளவில் உற்சாகமாக இருப்பதாக உணர்கிறவருக்கும் நடக்கும்.

அப்படியானால் களைப்போடு இருக்கிறவர் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதானா? இல்லவே இல்லை. டி.எஸ்.எச். சரியான பிறகும் களைப்பு நிற்கிறது என்றால் அதுவே ஒரு செய்தி: வேறு இடத்தில் தேட வேண்டும். நம் பெண்களில் இரும்புச் சத்துக் குறைவு சாதாரணம். கருமை நிறத் தோலோடு சுவிஸின் நீண்ட மாரியைக் கழிக்கிறவர்களுக்கு விற்றமின் டி குறைவதும் சாதாரணம். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு விற்றமின் பி12. ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்குக் கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயும் சேர்ந்து வரக்கூடும். அது குளிசையின் உறிஞ்சலையும் கெடுக்கும். தூக்கத்தில் மூச்சு அடைபடுவது, இரவு பகலாக மாறும் வேலை நேரம், சொல்லாமல் சுமக்கிற மனச்சோர்வு. இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும்போது தைரொயிட் குளிசையைக் கூட்டினால், உண்மையான காரணம் இன்னும் சில வருடம் ஒளிந்திருக்கும். கூட்டச் சொல்லாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். இவை எல்லாம் பார்த்த பிறகும் மீளாத சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு டி3 (T3) என்ற இன்னொரு தைரொயிட் சுரப்பைச் சிறிது சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஐரோப்பிய தைரொயிட் சங்கம் 2012இல் வழிகாட்டியது. நிபுணரின் கண்காணிப்பில், பலன் இல்லையென்றால் மூன்று மாதத்தில் நிறுத்திவிடும் சோதனையாக மட்டும்.

சிலருக்குச் சரியான அளவு சுழியம். இதைச் சொல்வதிலும் பேர்ணுக்குப் பங்கு உண்டு. வயது ஏற ஏற டி.எஸ்.எச். கொஞ்சம் உயர்வது இயல்பு. தைரொக்சின் சரியாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் சற்று உயர்ந்திருக்கிற முதியவர்களுக்கும் குளிசை எழுதுவது நெடுங்கால வழக்கம். பேர்ண் பேராசிரியர் நிக்கோலா ரொடோண்டியும் பங்குகொண்ட டிரஸ்ட் என்ற ஆய்வு சுவிஸ், நெதர்லாந்து, அயர்லாந்து, ஸ்கொட்லாந்து நாடுகளில் 65 வயதைக் கடந்த 737 பேரிடம் நடந்தது. பாதிப் பேருக்கு லெவோதைரொக்சின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. ஒரு வருடத்தில் மருந்து எடுத்தவர்களின் டி.எஸ்.எச். ஒழுங்காக இறங்கியது. களைப்போ மற்ற அறிகுறிகளோ இரு பக்கத்திலும் ஒரே மாதிரிதான் இருந்தன. 2017இல் இது வெளியானது. ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு இருக்கிற எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு டி.எஸ்.எச். 6 என்று வந்தால், குளிசை தொடங்கலாமா என்பதற்கு முன், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கலாமா என்று கேளுங்கள். டி.எஸ்.எச். 10ஐத் தாண்டினாலோ தைரொக்சினும் குறைந்திருந்தாலோ கதை வேறு. ஏற்கனவே வருடக்கணக்காக எடுப்பவர் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்தவும் கூடாது.

பொறுத்திருந்து அளக்கச் சொல்கிற என் வாதம் ஓரிடத்தில் செல்லாது. அது கர்ப்பம். முதல் மாதங்களில் சிசுவின் சொந்தத் தைரொயிட் போதுமாகச் சுரப்பதில்லை. அதன் மூளை வளர்வதற்குத் தாயின் தைரொக்சினே ஆதாரம். குளிசை எடுத்துவரும் பெண்களுக்குத் தேவை ஐந்தாவது வாரத்திலேயே உயரத் தொடங்குவதையும், கர்ப்பத்தின் முதல் பாதியில் சராசரியாகப் பாதியளவு கூடுவதையும் 2004இல் வந்த பொஸ்டன் ஆய்வு காட்டியது. ஆகவே பிள்ளைக்குத் திட்டமிடும்போதே டி.எஸ்.எச்.ஐ அளந்து சரிசெய்ய வேண்டும். கர்ப்பம் உறுதியான அன்றே வைத்தியருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். அடுத்த சந்திப்பு மூன்று வாரம் கழித்து என்று வரவேற்பு மேசையில் சொன்னால், தைரொயிட் குளிசை எடுக்கிறேன் என்பதை மறுபடி சொல்லிக் கேட்க வேண்டும். வைத்தியரோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்தால், அன்றிலிருந்தே வாரத்துக்கு ஏழுக்குப் பதிலாக ஒன்பது குளிசை எடுக்கலாம். பிறகு கர்ப்பத்தின் பாதிவரை நாலு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்க வேண்டும். இரும்புக் குளிசையும் அப்போது சேர்ந்து வரும். அதை மதியத்துக்குத் தள்ளிவிடுங்கள். பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பலாம், ஆறு வாரத்தில் மறுபடி அளந்து பார்த்துக்கொண்டு.